பிரேக்கை மிதித்த கால்

சென்ற ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி பிற்பகல், அலுவலகக் காரை ஓட்டிச் சென்ற நான் தேவையின்றி பிரேக்கை மிதித்து உயரதிகாரிக்குக் காயம் விளைவித்தேன் என்பது நிர்வாகம் என்மீது சாட்டிய குற்றம். முன்னே செல்லும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் குரூஸ் கண்ட்ரோல் இயங்கும்போது அதன் வேலையில் குறுக்கிட்டேன் என்பது அதனுடன் சேர்ந்த குற்றம். என் தரப்புக் குற்றச்சாட்டு வேறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்துப் பண்டகசாலையில் உட்கார வைத்தார்கள். மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா என்பது இம்மாத இறுதியில் முடிவாகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். அவருக்குப் பார்வை மங்கியபின் கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அதனுடன் வந்த கையேட்டைப் படித்து, மூடிய தொழிற்சாலை ஒன்றின் பின்புறத் திடலில் நானாகவே ஓட்டப் பழகினேன். என் நாத்தனார் வேடிக்கை பார்க்க வந்துவிடுவாள். "அண்ணி, வண்டி போகுதா, இல்ல திடல்தான் பின்னால நகருதா?" என்பாள். உரிமம் கிடைத்த பிறகு முதல் சவாரிக்கு வந்தவளும் அவள்தான்.

பிறகு இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். குரூஸ் கண்ட்ரோல் உள்ள புதிய கார் வந்தபோது, பழைய வழக்கப்படி கையேட்டை முழுவதும் படித்தேன். முன்னே செல்லும் வண்டியை அது பின்தொடரும். அசையாமல் நிற்கும் வண்டியை அறியாமல் போகலாம். முன்வண்டி விலகிவிட்டால், நாம் குறித்துவைத்த வேகத்துக்கு மீண்டும் ஏறும். எனவே மழையிலும் வளைவிலும் நெரிசலிலும் அதை அணைத்துவிடுவேன். மற்ற நேரங்களில் இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்து, வலது காலை பிரேக்கின் மேலேயே நிறுத்திக்கொள்வேன். சக ஓட்டுநர்கள் எனக்கு 'ரெண்டாவது பிரேக்' என்று பெயர் வைத்தார்கள்.

வாகனப் பிரிவு மேற்பார்வையாளர் ஒருநாள் கேட்டார். "ஏம்மா, அதுதான் தானா போகுதே. நீங்க எதுக்குக் காலத் தூக்கி வெச்சுக்கிட்டு தவம் பண்றீங்க?"

"தானா போகும், சரி சார். தானா நிக்கும்னு அதை செஞ்சவங்களே சத்தியம் பண்ணலையே."

அன்று உயரதிகாரி முன் இருக்கையில் மடிக்கணினியுடன் அமர்ந்தார். சட்டை கசங்கும் என்பதால் சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டுவது அவர் வழக்கம்.

"சார், பெல்ட்ட முன்னால போட்டுக்குங்க."

"மாட்டியாச்சும்மா. பீப் சத்தம் வருதா? வரலை இல்ல?"

"சத்தத்த நிறுத்தவா சார் பெல்ட்டு?"

"நீங்க ரோட்டப் பாருங்க. முன்னால எவ்வளவு எடம் விடுறீங்க! வீடே கட்டலாம் போலிருக்கு."

"கட்டட்டும் சார். நாம போய் இடிக்காம இருந்தா சரி."

அவர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் எங்களுக்கு முன் சென்ற வெள்ளை வேன் சட்டென்று பக்கத்துத் தடத்துக்கு விலகியது. அது மறைத்திருந்த இடத்தில், விளக்கு எதுவும் எரியாமல், பழுதான சரக்கு லாரி ஒன்று நின்றது. வேன் விலகியதால் பாதை காலி என்று எடுத்துக்கொண்டு கார் வேகம் பிடித்தது. இருக்கை என் முதுகை அழுத்தியது. கால் ஏற்கெனவே இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததால் அழுத்தி மிதித்தேன். லாரியின் பின்பலகையில் பெயின்ட் உரிந்திருந்தது கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கார் நின்றது. அதிகாரியின் உதடு டேஷ்போர்டில் பட்டுக் கிழிந்தது. அவர் இறங்கி லாரியைப் பார்த்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போலாம்" என்றார்.

மறுநாள் புகார் வந்தது. கார் தானே நின்றிருக்கும் என்றது நிர்வாகம். பெல்ட் மாட்டியிருந்ததாகக் காரின் பதிவே காட்டுகிறது. பெல்ட்டையும் மீறிக் காயம் என்றால் நான் வெறிபிடித்தாற்போல் மிதித்திருக்கிறேன் என்பது நிர்வாகத்தின் கணிப்பு. பெல்ட் மார்பில் இருந்ததா முதுகில் இருந்ததா என்பது பதிவுக்குத் தெரியாது. மோதியிருந்தால் நசுங்கிய முன்பக்கமாவது எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும். மோதாததற்கு எதைக் காட்டுவது?

வீட்டில் கணவர் சொன்னார்: "பேசாம மன்னிப்பு எழுதிக் குடுத்துடேன்."

"எதுக்கு? அவரை உசுரோட கொண்டு வந்து சேர்த்ததுக்கா?"

"கிழிஞ்சது அவர் உதடு. அறுபட்டது மூக்கு. அதான் இவ்வளவு கோவம்" என்று அவரே சிரித்துவிட்டார். அதன்பின் மன்னிப்புப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

போன வாரம் மேற்பார்வையாளர் பண்டகசாலைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். குரூஸ் கண்ட்ரோல் இயங்கும்போது இனி குறுக்கிட மாட்டேன் என்ற உறுதிமொழி அது.

"ஒரு கையெழுத்துதாம்மா. போட்டீங்கன்னா நாளைக்கே சாவி உங்க கையில. உள்ளுக்குள்ள நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு யார் பாக்கப் போறா?"

"அப்போ கையெழுத்து ஒண்ணு, கால் செய்யறது ஒண்ணா சார்? எனக்கு அது வராது."

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் நகல் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓட்டுநர் வேலை எனக்கு வேண்டும். அதற்காக, நிற்கும் லாரியைப் பார்த்தும் காலை எடுத்துவிடுவேன் என்று எழுதித் தர இயலாது. குற்றச்சாட்டு நீக்கப்பட்டு நான் மீண்டும் ஓட்டுநராக அமர்த்தப்பட்டதாக நிர்வாகம் எழுத வேண்டும். அல்லது, குரூஸ் கண்ட்ரோல் இயங்கும்போது எதிரே எது நின்றாலும் ஓட்டுநர் பிரேக்கைத் தொடக் கூடாது என்பதே தன் கட்டளை என்று, பொறுப்பேற்பவரின் பெயரும் கையொப்பமும் இட்டுத் தர வேண்டும். வாய்மொழியாக எதுவும் ஏற்கப்படாது. இம்மாத இறுதிக்குள் எழுத்துப்பூர்வமான பதிலைக் கோருகிறேன்.