‘நியூக்’ பண்ணும் மருமகள்

ஆறிப்போன காபியை மைக்ரோவேவுக்குள் வைத்து, கதவை முழங்கையால் சாத்தி, முப்பது வினாடிப் பொத்தானை மூன்று முறை அழுத்துகிறாள். தொண்ணூறு என்று ஒரேயடியாக அழுத்த வழி இருக்கிறது. நானே இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறேன். “நியூக் பண்ணியாச்சு மாமா, உங்களுக்கும் ஒரு கப் பண்ணட்டுமா?” என்று கேட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பெட்டிக்கு முன்னால் காவல் நிற்கிறாள். சரியாக ஒரு வினாடி மீதமிருக்கும்போது கதவைப் படாரென்று திறந்துவிடுகிறாள். பெட்டி ‘பீப்’ என்று கத்துவது அவளுக்குப் பிடிக்காது. குண்டு போடுகிறவளுக்குச் சத்தம் ஆகாது.

திரையில் அனாதையாக நிற்கும் அந்த ஒரு வினாடியை நான்தான் பிறகு போய் நீக்கிவிட்டு வருவேன்.

என் மகனைக் கட்டியவள். வயது நாற்பத்தொன்று. மூக்குக்கண்ணாடி எப்போதும் தலையில்தான் இருக்கும்; அதைத் தேடும் வேலை வீட்டில் மற்றவர்களுடையது. வீட்டின் தரைத்தளத்து முன்னறைதான் அவள் தொழிலிடம். கிளினிக்குகளும் பள்ளிகளும் வக்கீல் அலுவலகங்களும் கழித்துவிடும் கணினிகளிலிருந்து டிஸ்க்குகளைக் கழற்றி இங்கே அனுப்புவார்கள். யார் தலைகீழாக நின்றாலும் அதிலிருந்து ஒரு வரிகூட மீட்க முடியாதபடி அழித்து, அழித்ததற்குச் சான்றிதழும் கொடுப்பாள்.

‘நியூக்’ என்பது அணுகுண்டின் நீண்ட ஆங்கிலப் பெயரிலிருந்து வாலை நறுக்கி, தலையை மட்டும் வைத்துக்கொண்ட பேச்சுச் சொல். இவள் தொழில்தான் இவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்திருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். தப்புக் கணக்கு. என் மகன் காலையில் எழுதிய பத்துப் பக்கம் சரியில்லை என்று மாலையில் அதை நியூக் பண்ணுகிறான். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னைவிட மூன்று வயது கூட. கைத்தடி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். அவரும் போன வாரம் களைக்கொல்லிப் புட்டியை வேலிக்கு மேலே தூக்கிக் காட்டி, புல்லை நியூக் பண்ணப் போவதாகச் சொன்னார். ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தக் குண்டை இப்படித்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

ஆனால் மருமகளின் தாராளம் யாருக்கும் வராது. ஒரு வாரம் என் நாட்குறிப்பின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். திங்கள் முதல் ஞாயிறு வரை அறுபத்தொரு முறை. இருபத்து மூன்று முறை எதையாவது சூடாக்க. பத்தொன்பது முறை டிஸ்க்குகளை அழிக்க. ஏழு முறை மின்னஞ்சல்கள். மிச்சம் பன்னிரண்டில் ஓர் எறும்பு வரிசை, சட்டைக் காலரில் ஒரு கறை, செவ்வாய்க்கிழமைக் கூட்டம், போக மனமில்லாத ஒரு கல்யாணம் ஆகியவை அடக்கம். உண்மையான குண்டு ஒரு முறைகூட வரவில்லை.

குறிப்பை அவளிடம் காட்டினேன். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் படித்தாள்.

“அறுபத்தொண்ணுதானா? குறையுதே மாமா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கிட்டீங்களா?”

தூங்கித்தான் இருந்தேன்.

“அது ஒரு ஊரையே இல்லாம பண்ற சமாசாரம்மா. நான் ஸ்கூல்ல படிக்கிறப்போ, குண்டு விழுந்தா மேசைக்கடியில ஒளியணும்னு மணியடிச்சுப் பழக்குவாங்க. நாங்க நெஜமாவே பயந்திருக்கோம்.”

“அப்படியா மாமா? அப்போ நான் காபி சுட வைக்கிறப்பல்லாம் நீங்க மேசைக்கடியில போயிடுங்க.”

மறுநாள் காலை என் மேசைக்கடியில் ஒரு தலையணை கிடந்தது. தண்ணீர்ப் புட்டியும் பக்கத்தில் வைத்திருந்தாள்.

நான் அவளிடம் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது மாதமாகிறது. கூட வேலை செய்துகொண்டிருந்தவள் வேறு ஊருக்குப் போனதும், “மாமா, எனக்கு ரெண்டாவது ஆள் வேணும். கையெழுத்து நல்லா இருக்கணும், வாய் கம்மியா இருக்கணும்” என்றாள். முப்பத்தேழு வருடம் ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவன் நான். முதல் தகுதி இருந்தது.

வேலை இதுதான். மேசைமேல் ஓர் இரும்புச் சட்டம். அதில் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க்கைச் செருகியதும், அதன் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் பதிவேட்டில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் பொத்தான். இந்த இடத்தில் அவள் வேறு மனுஷி. சிரிப்பு கிடையாது, போன் கிடையாது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கும் மாணவி மாதிரி நின்று எண்களைச் சொல்வாள். ஒரு முறை எனக்குத் தும்மல் வந்து ஓர் இலக்கம் தவறிப்போனது. “முதல்ல இருந்து” என்றாள். அதுவும் பதினாறு இலக்கம்.

“இவ்வளவு எதுக்கும்மா? பழைய டிஸ்க்தானே?”

“பழையதுன்னு யார் மாமா சொன்னாங்க?” என்றாள், திரும்பிப் பாராமல்.

அவளுக்கு ஓர் அக்கா உண்டு. இரண்டு பஸ் மாறினால் அக்கா வீடு. மருமகளைப் ‘பொடிசு’ என்று கூப்பிடும் உரிமை அந்த அம்மாளுக்கு மட்டும்தான். முன்பெல்லாம் வாரத்தில் நான்கு நாள் இங்கேதான் இருப்பாள். அக்காவின் மூன்று வயதுப் பிள்ளை என் பேனாக்களைக் கழற்றிப் போடும். பதினோரு மாதமாக வரவில்லை. காரணத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை. ஒரு நாள் மட்டும், “அக்காகிட்ட பேசறதில்லையா?” என்றேன்.

“போன்ல இருந்து அவளை நியூக் பண்ணிட்டேன் மாமா. நம்பர், போட்டோ, எல்லாம்” என்றாள். சொன்ன வேகத்தில் சூடாக்காமலே காபியைக் குடித்துவிட்டாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் இழுப்பறைகளைச் சரிபார்ப்பேன். சென்ற மாதம் பதிவேட்டின்படி கையிருப்பு அறுபத்து மூன்று டிஸ்க்குகள். எண்ணியதில் அறுபத்து நான்கு. மறுபடி எண்ணினேன். அறுபத்து நான்குதான். மூன்றாவது இழுப்பறையின் பின்மூலையில், கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றி ஒன்று இருந்தது. சீட்டு இல்லை, பெயர் இல்லை. பதிவில் இல்லாத டிஸ்க் இங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கக்கூடாது, அன்றே அழித்துவிட வேண்டும் என்பது அவளே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. துணியைப் பிரித்து, பன்னிரண்டாவது தட்டில் செருகினேன்.

அவள் அறையின் மறுகோடியில் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“பதிவில இல்லாதது ஒண்ணு இருக்கும்மா. அழிச்சுடலாமா?”

“நியூக் பண்ணிடலாம் மாமா. நம்பர் படிங்க, வரேன்.”

படிக்கத் தொடங்கினேன். நாலு. ஒன்பது. ஒன்பது. சுழி.

ஐந்தாவது இலக்கத்தை நான் சொல்லவில்லை. பெட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. இரண்டு நாற்காலிகளை இடித்துக்கொண்டு வந்தவள், பன்னிரண்டாவது தட்டிலிருந்து டிஸ்க்கைப் பிடுங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்படியே என் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளாகவே சொன்னாள். போன வருடம் அக்கா வீட்டில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று காலாவதி, அதைச் சுத்தமாக அழித்துக் கொடுக்கச் சொன்னாள் அக்கா. இன்னொன்றில் பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த வீடியோக்கள்.

“பேசிக்கிட்டே செஞ்சேன் மாமா. வீடுதானே, நம்பர் எதுக்குப் படிக்கணும்னு விட்டுட்டேன். மாத்தி அழிச்சுட்டேன்.”

அழிச்சுட்டேன் என்றாள். அறுபத்தொரு முறை எண்ணியவன் நான். அந்த இடத்தில் அவளுடைய சொல் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

“மீட்க முடியாதா?”

“வேற யாராவது அழிச்சிருந்தா பார்த்திருக்கலாம். நான் அழிச்சா வராது.” தொழில் பெருமை அந்த நேரத்திலும் ஒரு கீற்று எட்டிப்பார்த்தது; உடனே உள்ளே போய்விட்டது. “உனக்கு அழிக்க மட்டும்தான்டி தெரியும்னு அக்கா சொன்னா. எனக்கும் கோபம் வந்துடுச்சு. நானும் நாலு வார்த்தை சொல்லிட்டேன்.”

கையிலிருந்தது வேறு டிஸ்க். அக்கா அவ்வப்போது உறவுக்காரர்களுக்கு அனுப்பியிருந்த வீடியோக்களைச் சித்தி, மாமி, அக்காவின் பழைய அலுவலகத் தோழிகள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பதினோரு மாதமாகத் திரும்பச் சேர்த்திருக்கிறாள். இருநூற்றுப் பதினாலு கிடைத்திருக்கின்றன.

“மொத்தம் எத்தனை இருந்துது?”

“ஐநூறுக்கு மேல. மீதி போச்சு மாமா. போனது போனதுதான்.”

“இதுக்கு இன்னொரு காப்பி எடுத்து வைக்கலையா? இப்போ நானே அழிச்சிருப்பேனே!”

“அவ பிள்ளை வீடியோவை அவகிட்ட கேட்காம நான் எப்படி மாமா வச்சுக்கறது? அடுத்தவங்க சமாசாரம் நம்மகிட்ட ஒரு காப்பிகூட இருக்கக்கூடாது.”

“அப்போ குடுத்துட வேண்டியதுதானே?”

“பாதிதான் இருக்குன்னு மூஞ்சில விட்டெறிஞ்சா? கதவையே திறக்கலைன்னா?”

எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. பதிவேட்டைத் திறந்து புது வரி ஒன்றைத் தொடங்கினேன். எண்ணை எழுதினேன். “உரிமையாளர்?” என்றேன்.

“அக்கான்னு போடுங்க.”

“என்ன செய்யணும்ங்கிற கட்டம்?”

“அதை விடுங்க மாமா.”

“காலியா விட முடியாதும்மா.”

“ஆஸ்பத்திரியில உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவங்க எல்லாம் எப்படி உயிரோட வெளியே வந்தாங்க?” என்றாள். மூக்கை அந்த மஞ்சள் துணியிலேயே துடைத்துக்கொண்டாள். “திருப்பிக் கொடுக்கணும்னு எழுதுங்க.”

எழுதினேன். ஒரு கையெழுத்து அவளுடையது, ஒன்று என்னுடையது.

மூன்றே முக்காலுக்குக் கூரியர்க்காரர் வந்தார். வாரம் மூன்று நாள் வருகிறவர். டிஸ்க்கைப் பஞ்சு வைத்துச் சிறு அட்டைப்பெட்டியில் கட்டி, அக்கா முகவரியை ஒட்டி, அனுப்புநர் கட்டத்தில் தன் பெயருக்குப் பதில் தொழிலின் பெயரை எழுதி, தயாராக வைத்திருந்தாள். அவர் மற்றப் பெட்டிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு இதற்குக் கை நீட்டினார். கொடுத்தாள். அவர் இழுத்தார். பெட்டி வரவில்லை.

“அம்மா, நீங்க விட்டாத்தானே நான் எடுத்துட்டுப் போக முடியும்?”

“உடையாம போய்ச் சேருமா?”

“இத்தனை நாளா உடைஞ்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் என்னம்மா?”

பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் கண்முன்னே அந்த முகவரிச் சீட்டை நகத்தால் சுரண்டி உரித்தாள். “நீங்க கிளம்புங்கண்ணே” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் இவள் வாசலைத் தாண்டியிருந்தாள். கண்ணாடியையாவது தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு போகச் சொல்லலாம் என்று எழுந்து போனேன். மருமகளின் ஆறாம் எண் செருப்பு இரண்டும் வாசலில் அப்படியே கிடந்தன. என்னுடைய ஒன்பதாம் எண் செருப்பை மாட்டிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்தபடி, தப்தப்பென்று பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.