இருக்குதா, கெடக்குதா

கடலே இல்லாத நாமக்கல் மாவட்டத்து எருமப்பட்டிப் பக்கம் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. பதில் சொல்லிச் சலித்து, 'சும்மாதான் போனேன்' என்று சொல்லப் பழகிவிட்டேன். சும்மா போகவில்லை. வெளிநாட்டுத் தீவு ஒன்றின் அருகே, கடலடியில் வெந்நீர் ஊற்று கொப்புளிக்கும் இடத்துக்குப் படகேறிப் போனேன். அந்த ஊற்று நீர் அமிலம். அது கலக்கும் கடலில் பிளாங்டன் என்னும் மிதவை உயிரிகள் என்ன ஆகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி.

கடுகில் பாதிகூட இருக்காது அவை. மீன்குஞ்சுகளுக்கு அவைதான் சோறு. வலையில் அள்ளியதில் பாதியை, அழுகாமல் இருக்க, உடனே ஃபார்மலினில் போட்டோம். மீதிப் பாதியில் சிவப்புச் சாயம் கலந்தேன். உயிருள்ளது சாயத்தை இழுத்துச் சிவக்கும், செத்தது வெளுத்தே இருக்கும். படகிலேயே மைக்ராஸ்கோப்பில் எண்ணிக் குறித்துக்கொண்டேன். ஊற்றருகே வெளுத்தவைதான் அதிகம்.

சேலத்தில் என் கைடு, அதாவது ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர், ஃபார்மலின் பாட்டில்களை மட்டும்தான் நம்பினார். ஃபார்மலினில் எல்லாமே பிணம்தான். வலைக்கு வருமுன் செத்தது எது, பிறகு செத்தது எது என்று தெரியாது. ஊற்றருகிலும் தூரத்திலும் எண்ணிக்கை ஒரே அளவாக இருந்தது. அமிலத்தால் பாதிப்பில்லை என்று என் ஆய்வேட்டில் அவரே திருத்தி எழுதிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சாயம் சரியா ஏறியிருக்காதும்மா" என்றார்.

"தூரத்துத் தண்ணியில எடுத்ததெல்லாம் செவந்துச்சுங்க சார். அதே சாயம், அதே பாட்டில், அதே கை."

"அதெல்லாம் இருக்கட்டும். ஊத்துப் பக்கம் பிளாங்டன் இருக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருக்குதுன்னு சொல்ல முடியாதுங்க சார். கெடக்குது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் ஏரி மீன் செத்து மிதந்தால் யாரும் ஏரியில் மீன் இருக்குது என்று சொல்ல மாட்டார்கள், செத்துக் கெடக்குது என்பார்கள். ஆனால் ஆய்வேடு ஆங்கிலத்தில். அதில் 'பிரசென்ட்' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது. செத்தது எந்தக் காலத்தில் பிரசென்ட் சொன்னது? நீரோட்டம் புதிதாக உயிர்களைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது, அமிலம் கொன்றுகொண்டே இருக்கிறது. எண்ணிக்கை எப்படிக் குறையும்?

மூன்று முறை 'செத்த நிலையில்' என்று சேர்த்துக் கொடுத்தேன். மூன்று முறையும் அதை அடித்துவிட்டார். கடைசியில் திருத்திய பிரதியை என் முன்னால் தள்ளினார். முடிவுகள் உண்மையென்று ஆய்வாளர் உறுதி கூறும் பக்கம் திறந்திருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அவரும் போடுவார், பட்டம் வரும்.

"ஒரு வார்த்தைக்காக மூணு வருஷத்தை விடப் போறியா?"

"ஆமாங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மா போன் செய்தாள். காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள்.

"கையெழுத்துப் போட்டுட்டாருங்களா சாமி?"

"போடலம்மா" என்றேன். "நானும் போடல."