கக்கத்துத் துண்டு

சிங்காரத்தின் மூக்கு சற்றுக் கோணலானது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போட்ட நாட்களில் கல் தெறித்து உடைந்த மூக்கு. அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் ஏழு வருஷம் நல்ல பேர் எடுத்தது. பேர் தோட்டத்துக்கும் துரைக்கும் போனது. மூக்குக்காரருக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த அதே கூலிதான்.

அவர் வாழ்ந்த காலத்தில் அவரை ‘அவர்’ என்று சொன்னவர்கள் இல்லை. துரைமாருக்கு அவர் ‘அந்தக் கூலி’. கணக்கு எழுதும் கிராணிக்கு ‘டேய்’. இங்கேயாவது அவர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

பறித்த கொழுந்தை ஓர் இரவு வாட விடுவார்கள். மறுநாள் இயந்திரத்தில் போட்டு உருட்டி, சிமெண்டுத் தரையில் பரப்பிப் புளிக்க வைப்பார்கள். பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு வரும். எப்போது அதை அள்ளி அடுப்புக்கு ஏற்றுவது என்பதில்தான் தேயிலையின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் இலை வாடை அடிக்கும், கொஞ்சம் பிந்தினால் குடிக்கச் சப்பென்று இருக்கும். மழை நாளுக்கு ஒரு கணக்கு, வெயில் நாளுக்கு ஒரு கணக்கு என்பதால் கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. பச்சை வாடை அடங்கிப் பழுத்த கொய்யாவின் வாசம் லேசாகக் கிளம்பும் ஒரு நேரம் உண்டு. அது சிங்காரத்தின் மூக்குக்கு மட்டும் தெரிந்தது.

ஆனால் உத்தரவு போடுவது சின்னத் துரை. ‘ஃபயர்!’ என்று அவர் கத்தினால்தான் நான்கு பேர் ஓடிவந்து அள்ளுவார்கள். கூலிக்காரன் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. துரை கேட்காமல் கூலிக்காரன் எந்த வார்த்தையுமே சொல்லக் கூடாது. துரைக்கு முன்னால் தோளில் துண்டு கிடக்கக் கூடாது என்பதால், துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

தொழிற்சாலை தொடங்கிய 1934-இல் கப்பலை விட்டு இறங்கிய கையோடு வந்த சின்னத் துரைக்குத் தேயிலை குடிக்கத்தான் தெரியும். முதல் மாதத்தில் மூன்று ஈடு கெட்டது. பெரிய துரை வந்து எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான்காவது ஈட்டின்போது, வாசம் கிளம்பிய நேரத்தில், சொல்லவும் முடியாமல் சும்மா நிற்கவும் முடியாமல் சிங்காரம் துண்டை இடது கக்கத்திலிருந்து வலது கக்கத்துக்கு மாற்றினார். சின்னத் துரை அதைப் பார்த்தார். ‘ஃபயர்!’ என்றார். தேயிலை நன்றாக வந்தது.

அன்றிலிருந்து ஏழு வருஷம் அப்படியே நடந்தது. சின்னத் துரைமார் இரண்டு பேர் மாறினார்கள், துண்டு மாறவில்லை. துரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சிங்காரமும் பேசியதில்லை. பேசினால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

1938-இல் சிங்காரம் துணிந்து ஒரு காரியம் செய்தார். கிராணி கிரகரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, பக்குவம் பார்த்து உத்தரவு போடும் டீமேக்கர் வேலை கேட்டுப் பெரிய துரைக்கு ஒரு மனு எழுதவைத்தார். பதில் இரண்டே வரி.

“அது வெள்ளைக்காரங்களுக்குன்னு ஒதுக்கி வச்ச வேலைலா, சிங்காரம்” என்றார் கிரகரி, காகிதத்தை மடித்துக்கொண்டே. “நான் மெட்ரிக் படிச்சவன். எனக்கே கெடைக்காது. ஒனக்கு ஏன் இந்த ஆசை?”

“வேல நாந்தானே செய்யிறேன், கிராணி ஐயா?”

“செய்யிறது வேற, பேரு வேற. போ, போ.”

சிங்காரத்தின் மனைவி வேலாயி கொழுந்து பறிப்பவள். மனு விஷயம் தெரிந்து அவள் ஒரு வாரம் சிரித்தாள். பிறகு ஒருநாள், “அந்த வார்த்தைய ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க, பாப்போம்” என்றாள். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து அறையில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல், சிங்காரம் ‘ஃபயர்’ என்றார். அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் தொழிற்சாலையில், நான்கு பேர் காது கேட்க, தன் வாயால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அன்று அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்ற செய்தி வந்ததும் துரைமார் ஒரே லோரியில் மூட்டை கட்டினார்கள். ரேடியோ ஏறியது, துப்பாக்கிப் பெட்டி ஏறியது, பெரிய துரையின் நாய் ஏறியது. கோட்டு மாட்டிக்கொண்டு பெட்டியோடு நின்ற கிரகரிக்கு மட்டும் இடம் இல்லை. பாவம், அவர் அதுவரை தன்னைப் பாதித் துரை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதம் மொரிதா என்ற ஜப்பானிய அதிகாரி தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி உடைந்த இங்கிலீஷில் பேசினார். கிரகரி அதைத் தமிழில் சொன்னார். வெள்ளைக்காரன் இத்தனை காலம் ஆசியாக்காரனை மிதித்தான். அந்த அநியாயத்தை ஜப்பான் சரிசெய்யும். வெள்ளையனுக்கென்று ஒதுக்கிய வேலைகள் எல்லாம் இனி ஆசியாக்காரனுக்கே. இங்கே தேயிலை பக்குவம் பார்த்தது யார் என்று மொரிதா கேட்டார். அத்தனை தலையும் சிங்காரத்தின் பக்கம் திரும்பியது.

அவர் கையில் ஒரு துணிப்பட்டையைக் கட்டினார்கள். இனி அவர் டீமேக்கர். சின்னத் துரையின் பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்து, பத்திரிகைக்காக ஒருவன் படம் பிடித்தான். சிங்காரம் அன்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மலையே தனக்காக வழி விட்டதுபோல் இருந்தது அவருக்கு.

வழியில் கிரகரி நிறுத்தினார். “மூக்குக்குக் கெடச்ச வேலைன்னு நெனச்சுக்காத. ஒன் தோலுக்குக் கெடச்சது. அந்த நாற்காலியில எந்தக் கறுப்பன் உக்காந்திருந்தாலும் இதே படந்தான் எடுத்திருப்பான்.”

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. “தோலுக்காகக் கெடைக்காம போனப்ப நீங்க ஒண்ணும் சொல்லலியே, ஐயா?” என்றார். கிராணியிடம் அவர் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. கிரகரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் சிங்காரம் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். குளித்து, திருநீறு பூசி, வேலாயி துவைத்துக் கொடுத்த சட்டையோடு. இயந்திரத்தில் கொழுந்து போட ஆளுக்குச் சொல்லப்போன நேரத்தில் மொரிதா இரண்டு ஆட்களோடு வந்தார். அவர்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். இலையை வாடவும் விடக் கூடாது, புளிக்கவும் விடக் கூடாது. பறித்த உடனே இட்லி அவிப்பதுபோல் ஆவியில் அவித்து, பச்சை நிறம் போகாமல் உலர்த்த வேண்டும். ஜப்பான்காரர்கள் குடிப்பது அந்தப் பச்சைத் தேயிலைதான்.

சிங்காரம் தரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “அப்ப எனக்கு என்ன வேல?” என்று கிரகரியைக் கேட்கச் சொன்னார்.

மொரிதா சிரித்தபடி நாற்காலியைக் காட்டினார்.

எப்படி இருந்திருக்கும் அந்த மனுஷனுக்கு! ஏழு வருஷம் வேலை இருந்தது, பேர் இல்லை. இப்போது பேர் வந்தது, வேலை போனது. அவித்த இலையில் கொய்யா வாசம் ஏது? கீரை வேகும் வாடைதான் வந்தது. தினமும் காலையில் அந்த வாடைக்கு நடுவில், கையில் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் சிங்காரம். எழுந்தால் மொரிதா உட்காரச் சொல்வார். வெளியூர் அதிகாரிகள் வந்தால் அவரைக் காட்டுவார்.

அடுத்த வருஷம் சயாமில் ரயில்பாதை போட ஆள் கேட்டு உத்தரவு வந்தது. தோட்டத்துக்கு இருபது பேர். முதலில் எழுதிய பட்டியலில் சிங்காரத்தின் பேரும் இருந்தது. மொரிதா அதை அடித்தார். டீமேக்கர் போக வேண்டியதில்லை. ஆனால் இருபது இருபதாகவே இருக்க வேண்டும். அந்த இடத்தில் எழுதப்பட்ட பேர் தங்கராஜு. வேலாயியின் தம்பி.

சிங்காரம் மொரிதாவிடம் ஓடினார். பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்து, தன்னை அனுப்பச் சொன்னார். அவர் சொன்னதைக் கிரகரி உள்ளபடியே சொன்னார். அதற்காக அந்த மனுஷனைப் பாராட்டத்தான் வேண்டும். மொரிதா பட்டையை எடுத்து மறுபடி சிங்காரத்தின் கையில் இறுக்கிக் கட்டினார். பத்திரிகையில் படம் வந்த ஆளை எப்படி அனுப்புவது?

தங்கராஜு போனான், திரும்பவில்லை. வேலாயி அழுது முடித்தபின் ஒன்றுதான் சொன்னாள். “ஒங்க பேர அடிச்ச கோடு எந்தம்பி கழுத்துல விழுந்துருச்சு.” அதற்குப் பிறகு அவள் அந்தப் பட்டையைத் துவைத்துக் கொடுக்கவில்லை. பிறகு பாதித் தோட்டத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள். அவிக்கும் பெட்டிகளில் கிழங்கு வெந்தது. பட்டை சாயம் போய்ச் சிங்காரத்தின் கையிலேயே கிடந்தது.

1945-இல் ஜப்பான்காரன் தோற்றான். சில மாதம் கழித்துப் பெரிய துரை திரும்பி வந்தார். சிங்கப்பூர்ச் சிறையில் மூன்றரை வருஷம் கிடந்தவர். பழைய கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிற்றால் கட்டியிருந்தார். சிங்காரத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் அந்தப் பத்திரிகைப் படம் கிடந்தது.

“எஞ்சேவகத்துல இருந்தவன் என் ஆளோட நாற்காலியில ஏன் உக்காந்தான்னு தொரை கேக்கிறார்” என்றார் கிரகரி.

சிங்காரம் பதில் வைத்திருந்தார். ஏழு வருஷமாகச் சேர்த்த பதில், போர்க்காலத்தில் இன்னும் நீண்டுபோன பதில். மனுவிலிருந்து தங்கராஜு வரைக்கும் எல்லாம் அதில் இருந்தது. ஆனால் துரையின் மணிக்கட்டைப் பார்த்தார். வேலாயியின் மணிக்கட்டைவிட மெலிந்து, எலும்பும் தோலுமாக இருந்தது. இந்த மனுஷனிடம் போய் எதைக் கேட்பது? தனக்கு அநியாயம் செய்தவன் நோயாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறான். நியாயம் செய்ய வந்தவன் என்று சொன்னவன் மைத்துனனைக் கொன்றுவிட்டுப் போய்விட்டான். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லையே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும்” என்றார். “நாற்காலி வேணாம், பேரு வேணாம். ‘ஃபயர்’னு நானே சொல்லிக்கிறேன். அவ்வளவுதான்.”

கிரகரி அதைத் துரைக்குச் சொல்லவில்லை. “இத நான் தொரைகிட்ட எப்படிலா சொல்றது? படம் வேற கெடக்குது. நீ ஜெயிலுக்குப் போகாம இருக்கிறதே பெரிசு, விடு” என்றார்.

துரை ஏதோ சொன்னார். கிரகரி தமிழில் சொன்னார்: “எல்லாருமே கஷ்டப்பட்டோம். பழச நானும் மறந்துடறேன், நீயும் மறந்துடுன்னு சொல்றார்.”

துரை மறப்பதற்கு ஒரு படம் இருந்தது. சிங்காரம் மறப்பதற்கு என்னென்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மிச்சமிருந்த தேயிலையைக் கவாத்து வெட்டி, மறுபடி கொழுந்து வர மாதங்கள் ஆயின. புதிய சின்னத் துரை வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், வெயிலில் காது சிவந்த பையன். முதல் ஈடு போடும் நாளில் கையில் ஒரு காகிதத்தோடு வந்து, கிரகரியிடம் ஏதோ கேட்டான். கிரகரியின் முகம் மாறியது.

“என்னங்கய்யா?” என்றார் சிங்காரம்.

“துண்டுக்காரன் யாருன்னு கேக்கிறான்” என்றார் கிரகரி, குரலைத் தாழ்த்தி. “பெரிய தொரை எழுதிக் குடுத்திருக்கார். புளிக்கிற தரையில மூக்கு கோணலா ஒரு கூலி நிப்பான், அவன் துண்டு பக்கம் மாறுனா உத்தரவு குடுன்னு. முந்தி இருந்த சின்னத் தொரைமாருக்கும் இதத்தான் எழுதிக் குடுத்திருக்கார்.”

சிங்காரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியும்! மனுவுக்கு இரண்டு வரி பதில் எழுதியபோதும் அந்த மனுஷனுக்குத் தெரியும். தனக்கும் சின்னத் துரைக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி என்று இத்தனை காலம் நினைத்தது பைத்தியக்காரத்தனம். இன்று துண்டு நகராது என்று முடிவு செய்தார். கெடட்டும். ஓர் ஈடு அல்ல, ஒன்பது ஈடு கெடட்டும். வந்து கேட்கட்டும், அப்போது வாயால் சொல்லலாம்.

கொழுந்து தரையில் விரிந்தது. பையன் துண்டு இருந்த அவர் இடது கக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து வருஷம் அந்த வாசத்தை அறியாத மூக்கு. பச்சை வாடை எழுந்து, தயங்கி, மெல்ல அடங்கியது. செம்பு நிறம் ஓரத்திலிருந்து படர்ந்தது. சிங்காரம் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டார். பழுத்த கொய்யாவின் வாசம் வந்தது.

“ஃபயர்!” என்றான் பையன்.

சிங்காரம் குனிந்து பார்த்தார். துண்டு வலது கக்கத்தில் இருந்தது.

சாயங்காலம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த வேலாயி அவர் முகத்தைப் பார்த்தாள். காலையில் நடந்ததெல்லாம் லயத்தில் பரவியிருந்தது.

“மாத்திட்டீங்களா?”

“கை தானா போயிருச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அத்தன கொழுந்தும் கெட்டிருக்கும், வேலாயி.”

“கெட்டா என்ன?” என்றாள் அவள். “எந்தம்பி போனப்ப யாரு கைய மாத்துனா?”

சிங்காரம் கக்கத்துத் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பெரட்டு.