பெக்கோக் கோயிலின் மயில் சுவர்

காளியம்மாவின் இடது கையில் நீலப் பீங்கான் தட்டு, வலது கையில் குறடு. ஓரத்தைக் கவ்வி நெரித்தால் மயிலிறகின் கண்ணளவுக்கு ஒரு சில்லு விழும். நல்லது கூடைக்கு, கெட்டது காலடிக்கு. விரல் நுனியெல்லாம் வெட்டு. சிமெண்டு பட்டால் அந்த வெட்டு ஆறாது. அதனால் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டுதான் உட்காருவாள். துணி நனைந்தால் மாற்றுவாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

"கொழுக்கட்டையா புடிக்கிற? எறகு மெலிசா இருக்கணும்," என்றான் கனகராஜ்.

"நேத்து மெலிசா வெட்டுனேன். ஒடச்சித் தொலைக்கிறியேன்னு கத்துனீங்களே தம்பி."

"மேஸ்திரின்னு சொல்லு."

"சரி தம்பி."

பக்கத்தில் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். காளியம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. முழங்கை நிமிராததால் மரம் சீவ முடியாது. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் இங்கேதான், கூலி வீட்டு வரிசைகளில் ஐந்தாம் லயத்தில், வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். ஊரில் காளியம்மாவுக்கு வாசல் திறக்க ஒருவரும் இல்லை.

அவளையும் பேச்சியம்மாளையும் கப்பலிலிருந்து காப்பாற்றியது முருகன் கோயில் முன்சுவர்தான். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் உடைந்த பீங்கான் பெட்டி பெட்டியாகச் சும்மா கிடைத்தது. அதை வைத்து மயில் பதிக்கக் கனகராஜை வரவழைத்தார் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துத் தம்பிராஜா. இரண்டு பெண்களுக்கும் தொழில் கற்றுத்தர வேண்டும், அடுத்த தோட்டத்துக் கோயில்களுக்கும் அவர்களே போவார்கள் என்பது அவர் போட்ட நிபந்தனை. தேறாத ஆள் கப்பலுக்கு.

கனகராஜுக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூரில் நான்கு வருஷம் மண் சுமந்து, அடி வாங்கிக் கற்ற தொழில். தோட்டத்துப் பெண்கள் அதைக் கற்றுக்கொண்டால் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்ற கணக்கு அவனுக்கு. எனவே சில்லு வெட்டக் காட்டினான், ஒட்டக் காட்டினான். கலவையை மட்டும் ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் போய்க் கலந்தான்.

"உள்ளார என்ன மந்திரமா பண்றீங்க?" என்று ஒருநாள் காளியம்மா கேட்டாள்.

"ஒனக்கு எதுக்கு? சட்டியத் தூக்கு."

அவள் அப்பா கொத்தனார். சின்ன வயதில் அவருக்காகக் கடுக்காய் இடித்து, வெல்லம் ஊறப்போட்டு, சுண்ணாம்புச் சாந்தில் அந்தத் தண்ணீரை ஊற்றியவள் அவள். பெரிய கொத்தனார்கள் வெல்லத்தின் அளவைப் பிறத்தியாருக்குக் காட்டமாட்டார்கள். திரைக்குப் பின்னால் நடப்பதும் அதுதான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் காலை கனகராஜ் பச்சைத் தட்டு வாங்க சிகாமட்டுக்கு ரயிலேறினான். மணலும் சிமெண்டும் கலந்து வைத்துவிட்டு, "தண்ணி ஊத்திக் கொழச்சி, தோகைய ஒட்டி வை. வந்து பார்ப்பேன்," என்றான். வெறும் தண்ணீர் என்றதும் அவளுக்குச் சந்தேகம். தான் ஒட்டியது உதிரட்டும் என்றே வெல்லத்தைப் பற்றிச் சொல்லாமல் போகிறான் என்று நினைத்தாள். கடைக்கு ஓடி வெல்லம் வாங்கிக் கரைத்தாள். கடுக்காய் கிடைக்கவில்லை. வெல்லத் தண்ணீரில் குழைத்து, பேச்சியம்மாளோடு தோகை முழுவதையும் ஒட்டினாள். அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கனகராஜ் வந்து கட்டை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போனது. நீலச் சில்லுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து கீழே கொட்டின.

"என்னடி கலந்த?"

"வெல்லம்."

"சிமெண்டுல வெல்லமா? அது பட்டா இறுகவே இறுகாதுடி. பாயாசமா காச்சுற?" அவளுடைய பூச்சுக் கரண்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். "போ. கப்பல்ல போயிக் கிண்டு."

"சொல்லிக் குடுத்திருந்தா போட்டிருப்பேனா?"

சத்தம் கேட்டுத் தம்பிராஜா வந்தார். "ஆர் செய்தது?"

"நான்தாங்க ஐயா," என்றாள் காளியம்மா. "இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னதச் செஞ்சா."

"கனகராஜ், கலவை எப்பிடி எண்டு இவைக்குக் காட்டினீரோ?"

"அது தொழில் ரகசியங்க."

"ரகசியத்தைக் காட்டத்தானே உமக்குச் சம்பளம்? இவ போனா நீரும் போம். நாளைக்குச் சுவரடியில, எல்லாரும் பாக்கக் கலவும்." காளியம்மா பக்கம் திரும்பினார். "நீயும் கேள். இன்னொருக்கா விழுந்தா, கப்பலை மறிக்க என்னால ஏலாது."

அவர் போனதும் கனகராஜ் காறித் துப்பினான். "ஒன்ன எப்பிடித் தேறவெக்கிறேன்னு பாரு."

"பாக்கத்தானே போறேன்," என்றாள் காளியம்மா.

மறுநாள் காலை அவன் வரும்போது அவள் சுவரைச் செங்கல் தெரியச் சுரண்டியிருந்தாள். பேச்சியம்மாள் மண்ணெண்ணெய் டின்னில் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கனகராஜ் சுவரை நக்கிப் பார்த்தான். "இனிக்குது. ஊத்து," என்றான். ஆற்றிலிருந்து சுமந்து ஊற்றினாள். மறுபடி நக்கினான். "ஊத்து." இனிப்புப் போகும்வரை ஊற்றினாள். பிறகு அவன் சுவரடியில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே கலந்தான். அவள் கண்ணெடுக்கவில்லை. முதல் சில்லை அவள் ஒட்டினாள். கோணல் என்று அவன் பெயர்த்துப் போட்டான். கழுவி மறுபடி ஒட்டினாள். அதையும் பெயர்த்தான். மூன்றாவது தடவை ஒட்டியதைக் குனிந்து பார்த்துவிட்டு, பெயர்க்காமல் விட்டு, அடுத்த சட்டிக்கு மணல் அள்ளப் போனான்.