கையைக் குவித்த பயணி

ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவர் பிரிஜெட். பாடத்தை ஓட்டமாக முடிக்க அவருக்குத் தெரியாது. ஒரு வரியை எடுத்தால், பிள்ளைகள் அதைச் சொல் சொல்லாகப் பார்த்து முடிக்கும்வரை விடமாட்டார். பயணக் கட்டுரை என்றால் கேட்கவே வேண்டாம்.

1992 ஜனவரி. முந்தின மாதம் காவேரித் தண்ணீருக்காக அந்தக் கன்னட ஊரில் தமிழர்கள்மேல் மூண்ட கலவரம் ஓய்ந்து பள்ளி திறந்திருந்தது. அடுத்த பாடமோ, குடகிலிருந்து அதே ஆற்றோடு நடந்து வந்த ஒருவரின் கட்டுரை.

"இதை விட்டுடுங்களேன் டீச்சர். ஜன்னல் தெருவைப் பாத்து இருக்கு," என்றார் தலைமையாசிரியர் ஆம்ப்ரோஸ்.

"விட்டா பிள்ளைங்க ஏன்னு கேப்பாங்க சார். என்ன சொல்றது?"

சொல்லிவிட்டாரே தவிர, ஜன்னலைச் சாத்திய பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார். எப்போதும் உரக்க வாசிக்கச் சொல்பவர், அன்று "மெதுவா படி" என்றார். தாரணி படித்தாள்: 'கரையோர வீட்டு வாசலில் நின்று கையைக் குவித்தேன். ஒரு பெண் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.'

"எந்த பாஷையில தண்ணி கேட்டாரு?"

"பாஷையே இல்ல டீச்சர். கையைக் குவிச்சாருன்னுதான் போட்டிருக்கு."

"ஏன் பேசல?"

கடைசி பெஞ்சிலிருந்து ரகு சொன்னான்: "வாயைத் தொறந்தா தமிழ்னு தெரிஞ்சிடும்ல. பயம்."

"பயம்னு எந்த வார்த்தை சொல்லுது?"

ரகு வரியில் விரல் வைத்துத் தேடினான். "வார்த்தை இல்ல டீச்சர். ஆனா எங்கப்பா போன மாசம் பஸ்ல அப்படித்தான் டிக்கெட் வாங்கினாரு. விரலைக் காட்டி."

பிரிஜெட் சாத்திய ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் புத்தகத்தைச் சட்டென்று மூடினார்.

வந்தது ஆயா லட்சுமம்மா. "டீச்சரம்மா, பிள்ளைங்கள பேகா, சீக்கிரமா அனுப்பிடச் சொன்னாரு சார். மார்க்கெட் பக்கம் கடையெல்லாம் சாத்துறாங்களாம்."

"ரோட்டுல யாரும் பேசாதீங்க. நேரா வீட்டுக்குப் போங்க," என்றார் பிரிஜெட். சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

கடை சாத்தியது வெறும் வதந்தி. ஆனால் மறுநாள் ரகு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒருவழியாக அவன் அப்பாவுடன் வந்தான், டி.சி. வாங்க. குடும்பமே ஆம்பூருக்குக் கிளம்புகிறது.

அப்பா ஆபீஸ் அறைக்குள் இருந்தபோது ரகு பிரிஜெட்டிடம் வந்தான். "அடுத்த பத்தி படிச்சேன் டீச்சர். தண்ணி குடிச்சிட்டு அந்த வாசல்லயே படுத்துத் தூங்கிட்டாராம். பயந்தவரு தூங்குவாரா? நான் சொன்னது தப்பு."

"ஆமாண்டா. இப்பதான் சரியா படிச்சிருக்க."

"அப்ப நாங்க ஏன் போறோம்?"

பிரிஜெட் ஆபீஸ் அறைக்குள் போனார். ஆம்பூர் விலாசத்தை அவன் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த பாடம் தொடங்கியதும், அதிலிருந்து ஒரு வரியையும் அதன் கீழே ஒரு கேள்வியையும் தபால் கார்டில் எழுதி ரகுவுக்குப் போட்டார். தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் பிரிஜெட் வாசலுக்கு வந்து பார்த்தார். பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. எழுத்து மோசம். வாதம் நன்றாக இருந்தது.