ஒரு தட்டென்றால் பிடி, இரண்டென்றால் விடு

என் அண்ணனும் நானும் கதைத்து மூன்று வருடம். ஒரே கோயில், ஒரே கொண்டாட்டம், ஒரே செத்தவீடு, ஆனால் பேச்சில்லை. கட்டாயம் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் இடையில் ஓர் ஆள் வேண்டும். எங்கள் சனத்துக்கு இது புதிதில்லை. ஒரே மேசையில் இருந்துகொண்டு, "அவருக்கு உப்பு வேணுமோ எண்டு கேள்" என்று மகளிடம் சொல்லும் தகப்பனை எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் பிரச்சினை காணியால் வரவில்லை, காரால் வந்தது. ஒரு பழைய இரண்டு கதவு ஜப்பான் காரை வாங்கி, பெரிய காரொன்றின் எஞ்சினை அதற்குள் இறக்கி, பிரேக்கையும் மாற்றி, ரொக்ஸ்பரோவில் என் வீட்டு வாசலில் வைத்து இருவருமாகக் கட்டினோம். எஞ்சினைத் தாங்கும் இரும்பு முழுக்க என் வெல்டிங். ஒரு பிறந்தநாள் விழாவில் அத்தனை சொந்தக்காரருக்கும் முன்னால் அண்ணன் சொன்னார்: "இவன்ட வெல்டிங்கைப் பாத்தனீங்களே, வெடிச்ச கொழுக்கட்டை மாதிரி." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. அவர் செயின்ட்-மிஷேலில் கராஜ் திறந்து இழுத்து மூடிய கதையை நானும் அந்த இடத்திலேயே எடுத்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. காரும் நின்றது.

வாங்கும்போது என் பெயரில் இன்சூரன்ஸ் கட்டணம் கூடுதலாக வந்ததால் பதிவு அவர் பெயரில் இருந்தது. அவர் கையில் இருந்த துருப்பு அதுதான். இந்த வருடம் பனி கரையத் தொடங்கியதும் என் மனைவிக்கு ஃபோன் எடுத்தார். கார் நிற்கும் வெள்ளைக் குளிர்காலக் கூடாரத்தை ஏப்ரலில் கழற்றியாக வேண்டும்; நம்பர் பிளேட் இல்லாத கார் வெளியே தெரிந்தால் நகரசபை சும்மா விடாது. காரை ரோட்டில் விடலாமா என்று பார்க்கும் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை நாள் வைத்திருக்கிறாராம். அதில் தவறினால் சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போவானாம். பிரேக் வேலைக்குத் தானே வந்து பெடலை மிதிப்பாராம். என் கைவேலையை நம்பிக் காரை ஓடமாட்டாராம்.

வியாழக்கிழமை வந்தார். என் முகத்தைப் பாராமல் ஏறி ஸ்டியரிங்கின் முன்னால் இருந்தார். பிரேக்கில் எயார் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் படுத்து ஒரு சின்ன நட்டைத் திறந்து, குழாயில் இருக்கும் காற்றை வெளியே விட்டுப் பூட்ட வேண்டும். பூட்டுமுன் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். எங்களுக்கு மூன்று பேர் தேவைப்பட்டது.

"அமத்தச் சொல்லு" என்றேன்.

குளிர் ஜாக்கெட்டோடு நடுவில் நின்ற என் மனைவி, "அத்தான், அமத்தட்டாம்" என்றாள்.

"பிடிச்சிட்டன் எண்டு சொல்லும்."

"பிடிச்சிட்டாராம்."

ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் அவள் சொல்லும்வரை இருவரும் செவிடர்தான். அதிலும் நான் சொல்வதில் வசவு கலந்திருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் அவள் அந்தப் பக்கம் கொடுக்க வேண்டும். "நான் பூட்டுமட்டும் காலை எடுக்க வேண்டாமெண்டு அந்த விசரனுக்குச் சொல்லு" என்பேன். அவள் "அத்தான், குறை நினையாதேங்கோ" என்று தொடங்குவதற்குள் அவர் காலை எடுத்துவிடுவார். பின்னேரம்வரை இதே கூத்து. பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது.

கடைசியில் அவள் ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டினாள். "ரெண்டு பேரும் என்னவும் செய்யுங்கோ. நான் கார்டெரியிலை பாக்கவிட்ட பிள்ளையைக் கூட்டப் போறன். பேந்து என்னைக் கூப்பிடாதேங்கோ."

வாயைத் திறந்தால் நான் தோற்றேன். அவருக்கும் அப்படித்தான். ஸ்பானரால் காரின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெடல் இறங்கியது. நட்டைத் திறந்து பூட்டிவிட்டு இரண்டு தட்டுத் தட்டினேன். விட்டார். இப்படியே தட்டித் தட்டி நாலு சில்லையும் முடித்தோம். பெடல் கல்லாக நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை, பிளேட் இல்லாமல் ஓட ஒருநாள் அனுமதி எடுத்து அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். பரிசோதகர் காரை உயர்த்தி, டார்ச் அடித்து, என் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல வேலை, யார் செய்தது என்று பிரெஞ்சில் கேட்டார்.

அண்ணன் தயங்கவேயில்லை. "முவா" என்றார். நான்தான் என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பரிசோதகர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அங்கே சண்டை பிடித்தால் கார் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கார் பாஸ். பதிவையும் அன்றைக்கே புதுப்பித்துக்கொண்டு என் வாசலுக்கு ஓட்டிவந்தார். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. சாவியைக் கேட்க வேண்டும். கேட்க இடையில் ஆள் இல்லை. மனைவி யன்னலில் நின்று பார்த்தாள், வெளியே வரவில்லை. காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அவருக்கு விளங்கியது. என்னைப் பார்த்தபடியே பிரேக்கை அமத்திப் பிடித்தார். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு ரிவர்ஸில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெரு முனையில் அந்தக் கார் நிற்கவேண்டிய கோட்டில் அப்படியே நின்றது. இரும்புக்காரனிடமிருந்து அதைக் காப்பாற்றி அவர் கையில் கொடுத்தது நான்தான். வெறுங் கூடாரத்தை அன்றைக்கே தனியாகக் கழற்றினேன். அதுவும் இரண்டு பேர் பிடிக்க வேண்டிய வேலைதான்.