டிவிக்கு வைத்த சந்தனம்

மக்களே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கூட்டுக்காரப் பிள்ளைகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எங்க அம்மாவுக்கு டிவி சலிச்சுப் போச்சு, இப்போ போடவே விடமாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சலித்துப் போகவில்லை. நடந்ததை எழுதி வைக்கிறேன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள், தெரியும். மெதுவாக வாசியுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், கடினமான வார்த்தை எதுவும் எனக்கும் வராது.

உங்கள் அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தவள். இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட மலையாளம் மீன் வாங்கவும் பஸ்ஸில் ஏறி இறங்கவும்தான் காணும். வேலைக்குப் போன ஹோட்டல் அடுக்களையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்த பிறகு, முன்னறைக் கட்டிலே அவளுக்கு ஊர் என்று ஆகிவிட்டது. காலையில் நான் அரிசி கோடவுனுக்கு மூட்டை தூக்கப் போய்விடுவேன். நீங்கள் பள்ளிக்கூடம் போய்விடுவீர்கள். திரும்பி வந்தாலும் உங்களுக்குள் பேச்சு மலையாளத்தில்தான். எனக்கும் கோடவுன் பழக்கத்தில் பாதி வாய் அப்படியே போய்விட்டது. பகல் முழுக்க அவள் காதில் தமிழ் பேசியது அந்த டிவி ஒன்றுதான்.

அவள் அதைப் பார்த்தாள் என்பதைவிட அதோடு பேசினாள் என்று சொல்லவேண்டும். நாடகத்தில் மருமகள் பால் டம்ளரை எடுத்தால், "ஏட்டி கோட்டிக்காரி, குடிக்காதடி, அதுல என்னமோ கலந்துருக்கா அவ" என்று இங்கிருந்து கத்துவாள். நகைக்கடை விளம்பரத்துக்குக் கூடப் பதில் சொல்வாள்.

டிவி வாங்கியது எறணாகுளத்தில், பிராட்வே பக்கம் ஒரு கடையில். அம்மா அப்போது நன்றாக நடந்துகொண்டிருந்த காலம். பில் போடும்போது கடைப்பையன் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒரு தாளை நீட்டினான்.

"சேட்டா, கம்பெனி வாரண்டி ஒரு கொல்லம். இது எடுத்தா பின்னேயும் மூணு கொல்லம். டிவிக்கு எந்து வந்தாலும் ஞங்கள் நோக்கும்."

"எந்து வந்தாலுமா?"

"எந்து வந்தாலும்."

கம்பெனியின் ஒரு வருஷத்துக்கு மேல் இன்னும் மூன்று வருஷம், என்ன வந்தாலும் பார்ப்பார்களாம், அதற்குத் தனிக் காசு. எனக்கு மனசில்லை. அம்மாதான், "எடுங்க. பிள்ள பெறந்தா காப்பு கட்டுதோம்லா, அது மாதிரி" என்றாள். எடுத்தோம். அந்தத் தாளில் பின்பக்கம் எறும்பு போல இங்கிலீஷ் எழுத்து இருந்தது. காப்புக் கயிற்றில் யாராவது எழுத்தைத் தேடுவார்களா? மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டோம்.

டிவிக்கு வயசாகிக்கொண்டு வந்தது. முதலில் கீழே ஒரு கோடு விழுந்தது. அப்புறம் இரண்டு, மூன்று என்று கோடுகள் சேர்ந்து, கீழ்ப்பாதி அடுப்புப் புகை மூடியது போல ஆனது. ஆட்களுக்குத் தலை இருக்கும், உடம்பு இருக்காது. வாரண்டி இன்னும் முடியவில்லை. நான் போன் செய்து, தமிழுக்கு உண்டான எண்ணை அமுக்கிப் புகார் பதிந்தேன். அம்மா ஒரு கவலையும் படவில்லை. "அதான் காப்பு கட்டிருக்கே" என்று என்னைத் தேற்றினாள்.

மெக்கானிக் வருகிற அன்று தலை வாரி, வேறு சேலை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கோடவுனுக்கு லீவு போட்டேன். மகனே, நீ டியூஷனில் இருந்தாய். மகளே, நீதான் சாயா போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாய்.

வந்தவன் சின்னப் பையன்தான். நெற்றியில் சந்தனக் குறி. டிவியைக் கவிழ்த்து முதுகைத் திறந்தான். கீழ் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தான். போனை எடுத்து ஒன்றன் பின் ஒன்றாகப் படம் பிடித்தான். பிறகு நிமிர்த்தி, முன்பக்கச் சட்டத்தில் காய்ந்திருந்த மஞ்சள் பொருக்கை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினான்.

"இது எந்தா சேட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "சந்தனம் தம்பி. ஆயுத பூசைக்கு ஈரத் துணிய வச்சு நல்லாத் தொடச்சுட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பேன். வருசம் தவறுனது கிடையாது."

மகளே, அந்த வாரண்டித் தாளை நீ முந்தின நாள் எடுத்து வாசித்திருக்கிறாய். அதனால்தான் "அம்மே, மிண்டாதிரி" என்று மலையாளத்தில் அவளை அடக்கினாய். மிண்டாதிரி என்றால் பேசாமல் இரு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் ஏன் பேசக்கூடாது? நாம் பொருளைப் பேணியதை அவனிடம் சொன்னால் நல்லதுதானே என்று நினைத்தாள். என் மூட்டைக் கொக்கி, மிக்ஸி, அரிவாள்மனை, உங்கள் புத்தகம், டிவி என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பதை அவள் மேலும் விளக்கமாகச் சொன்னாள். "சோறு போடுத சாமானுக்கும் பொட்டு, தொணைக்கு இருக்குத சாமானுக்கும் பொட்டு தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேனலின் கீழ் ஓரத்தில் தாள் போல மெல்லிய பட்டைகள் இருக்குமாம், தண்ணீர் வழிந்து இறங்கினால் அது போய்விடுமாம், லிக்விட் டேமேஜ், வாரண்டியில் வராது என்றான்.

"சந்தனத்தைக் கண்டில்லான்னு, பாக்கவே இல்லன்னு எழுது மோனே" என்றேன்.

"போட்டோ எல்லாம் கம்பெனிக்குப் போயி சேட்டா. ஆப்பில் எடுத்தால் அப்போத்தன்னே போகும். ஞான் எந்து செய்யும்?"

"வீட்டுக்குப் பின்னால காயல். மழைக்காலத்தில சுவரே வேர்க்குது. அந்த ஈரமா இருக்கக்கூடாதா? சந்தனம்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது அறியில்லா. பக்ஷே சந்தனம் கண்டுபோயில்லே?"

தெரியாதாம், ஆனால் சந்தனத்தைக் கண்ணால் பார்த்துவிட்டானாம். சாயாவைக் குடிக்காமல் போனான்.

மறுநாள் பஸ் ஏறிக் கடைக்கே போனேன். கவுண்டரில் இருந்த மேனேஜரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பில் அடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், பக்கத்தில் ஒரு செத்திப்பூ.

"சார், இதுக்கு வாரண்டி உண்டோ?" என்று அதைக் காட்டிக் கேட்டேன்.

"தமாசு வேண்டா சேட்டா. பின்னில் ஆள் நிக்குது."

தமாஷ் பண்ண நான் மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் ஏறி வரவில்லை. பின்னால் நின்ற ஆளும் சிரித்தார். அவர் கையில் புது டிவிக்கான பில் இருந்தது, அதோடு அதே தாளும் இருந்தது. அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் வாய விட்டதுனாலயா, பொட்டு வச்சதுனாலயா?"

"ரெண்டும் இல்ல" என்றேன். நம்பவில்லை. படம் பாதி போனாலும் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்கவாவது போடுகிறேன் என்று ரிமோட்டை எடுத்தேன். "தொடாதீங்க. நான் தொட்டுத்தான் அது இப்படி ஆச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றோடு நின்றதுதான் நம் வீட்டு டிவி.

மூன்று வருஷத்துக்கென்று காசு வாங்கிக்கொண்டு, கடைசியில் தப்பை அவள் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். டிவி போனதுகூட எனக்குப் பெரிசில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வாரண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண். புகாரைத் தமிழில் பதிந்ததால் தமிழில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"வணக்கம் மேடம், எங்க சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு ஒரு நிமிஷம் பேசலாமா?"

"பேசும்மா, பேசு. நீ எந்த ஊரு?"

"சென்னைல இருந்து பேசுறேன் மேடம்."

"சொந்த ஊரக் கேட்டேன்."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, "சங்கரன்கோவில் பக்கம்" என்றாள். அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கே மழை உண்டா, சாப்பிட்டாயா, என்ன கறி, ஹாஸ்டலா, வீடா என்று வரிசையாகக் கேட்டாள். மேடம் மேடம் என்றவள் அம்மா அம்மா என்று ஆகிவிட்டாள்.

"அம்மா, மார்க் மட்டும் சொல்லிருங்க. பத்துக்கு எத்தன போடலாம்?"

நான் சோற்றுக் கையால் முட்டை போட்டுக் காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"பத்து போட்டுக்கோ தாயி. கொறச்சா ஒன்னத்தான வைவாங்க?"

போன் நின்றதும் நான் கத்தினேன். "அவனுகளுக்கா பத்து?"

"அவனுகளுக்கு எங்க போட்டேன்? அந்தப் புள்ளைக்குப் போட்டேன்" என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே, "திரும்பக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க. மார்க் வாங்கியாச்சுல்ல."

அவள் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். நீங்கள் இரண்டு பேரும் அப்போது உள்ளறையில் இருந்தீர்கள். மலையாளத்தில் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது இங்கே வரைக்கும் கேட்டது.